சாமி இல்லாத கருவறை

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியும் என் மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் கிடையாது. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. தண்ணீர் வேண்டுமென்றால், நான் எதிரிலேயே நிற்கும்போது மாமியாரைப் பார்த்து, "அந்தப் பொண்ண ஒரு சொம்பு தண்ணி எடுத்தாரச் சொல்லு" என்பார். மாமியார் திரும்புவதற்குள் நான் சொம்போடு நிற்பேன். நானும் அவரிடம் நேராக வாயைத் திறக்கக் கூடாது.

அறுபதுகளின் கடைசி அது. நவரை நெல்லை விற்று முடித்த கையோடு, தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, நெல் ஏற்றும் லாரியிலேயே வைக்கோலைப் பரப்பிக்கொண்டு மகாபலிபுரம் கிளம்பினோம். எல்லாரும் குஷியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் மனசெல்லாம் வருகிற திங்கட்கிழமை மேலேயே இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். திருவள்ளூரில் இடம் கிடைத்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும் என்று அந்த வாரம்தான் என் அப்பா வந்து சொன்னார். சம்பந்தியிடம் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. கிணற்றடியில் என் காதில் ஓதிவிட்டு, "மாப்பிள்ளகிட்ட பக்குவமா சொல்லும்மா" என்று பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளை கையில் அகப்பட்டால்தானே? பகலெல்லாம் வயல், கடைசி மூட்டை வண்டியேறும் வரை ராத்திரியெல்லாம் களத்தில் காவல். நாங்கள் கிளம்பியதோ சனிக்கிழமை. லாரியிலும் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால்.

இறங்கியதுமே மாமனார் முகத்தைச் சுளித்தார். மணிச் சத்தம் இல்லை, பூசாரி இல்லை. "சாமி இல்லாத கோயிலுக்கு இம்மாந் தூரம் வரணுமாடா? நீங்க சுத்திக்கினு வாங்க, நான் வண்டியாண்டயே கெடக்கறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். மாமியார் நேர் எதிர். முந்தானையில் முடிந்து வந்த கற்பூரத்தைக் கண்ட சிற்பத்துக்கெல்லாம் ஏற்றப் போனார். காவல்காரர் ஓடிவந்து, "இங்கெல்லாம் கொளுத்தக் கூடாதும்மா!" என்று கத்தினார். "சாமிக்குக் கொளுத்தாம உனக்கா கொளுத்துவாங்க?" என்று மாமியார் கேட்க, அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பெரிய பாறைச் சிற்பத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி ஒன்று உண்டு. பசு கன்றை நக்கிக்கொண்டு நிற்கும், ஒருவர் உட்கார்ந்து கறப்பார். மாடு வைத்திருக்கும் பெண்கள் அதைச் சும்மா பார்ப்பார்களா? கன்று குடித்த பிறகு கறக்கிறாரா, குடிக்க விடாமல் கறக்கிறாரா என்று ஆரம்பித்த பேச்சு, எங்கள் தெருவில் யார் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதில் போய் நின்றது. இனி லேசில் யாரும் நகர மாட்டார்கள். நான் என் வீட்டுக்காரருக்குக் கண்ணாலேயே பின்னாலிருந்த பாறை மேட்டைக் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் வெட்கம். வேறு எதற்கோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒதுக்குப்புறமாக ஒரு குடைவரை. உள்ளே நல்ல குளிர்ச்சி. வரிசையாக மூன்று கருவறைகள், மூன்றிலும் வெறும் இருட்டு. ஒரு தூணைப் பாதி செதுக்கி அப்படியே விட்டிருந்தார்கள், உளித் தழும்புகூட மாறவில்லை. மலையையே குடைந்தவர்களுக்கு இந்த ஒரு தூணை முடிக்க என்ன கேடு என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ரெண்டே வருசந்தாங்க. காலைல சமைச்சு வெச்சிட்டுத்தான் போவேன். திங்கக்கெழம சேரணும். மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் தூணைச் சுரண்டினார். "எனக்கு ஒண்ணும் இல்ல... நைனாதான் ஒத்துக்க மாட்டாரு. பேஜாராப் பூடும்."

"நைனாவ எவன்டா கேட்டது?"

குரல் நடுக் கருவறைக்குள்ளிருந்து வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் பயத்தில் கையெடுத்துக் கும்பிட்டதை இன்றைக்கும் நான் சொல்லிக் காட்டுவேன். இருட்டிலிருந்து, துண்டால் முதுகைத் தட்டிக்கொண்டு மாமனார் வந்தார். லாரிச் சூடு தாங்காமல் நிழல் தேடி வந்து அங்கே படுத்திருந்தவர், மொத்தத்தையும் கேட்டிருக்கிறார்.

"சொல்லுடா. இன்னா ஒத்துக்க மாட்டேன் நானு? எங்கிட்டதான் இன்னும் யாரும் கேக்கவே இல்லியே!"

இவர் வாயில் கொழுக்கட்டை. இனியும் பேசமாட்டார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துபோனது. என் திங்கட்கிழமை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

"நான் கேக்கறேன் மாமா."

மாமனார் என் பக்கம் திரும்பவில்லை. பாதியில் விட்ட அந்தத் தூணை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு மகனிடம், "எத்தினி மணிக்கு பஸ்ஸு புடிக்கணும்னு கேட்டு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். அப்படியென்றால் சம்மதம்!

விஷயம் தெரிந்ததும் மாமியார் வழியெல்லாம் புலம்பினார். "சாமி இல்லாத எடத்துக்குக் கூட்டினு போனா இப்படித்தான். மருமவளுக்கு வாய் வந்துடும்!" ஆனால் திங்கட்கிழமை காலையில் திட்டிக்கொண்டே தயிர்சோறு கட்டிக் கொடுத்தார்.

பஸ் படி பிதுங்க வந்தது. வந்த வேகத்திலேயே அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். வயலுக்கு என்று முன்னாலேயே கிளம்பிவிட்ட மாமனார், எங்கிருந்தோ வந்து மண்வெட்டியோடு நடுரோட்டில் நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் போட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினார். மாமனார் அசையவில்லை. சொல்லி அனுப்ப அங்கே மகனும் இல்லை, மாமியாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறும்மா" என்றார்.