சிப்பாய்களின் கால்

கண்ணுங்களா, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அறுபத்திரண்டு சீனாச் சண்டையின் மாதிரி செய்துதரக் கேட்டீர்களே, அதற்கான பன்னிரண்டு மண் சிப்பாய்களும் இப்போது என் மடியில்தான் இருக்கிறார்கள். வேலூரில் வாங்கி, காவலூரில் நான் தங்கும் அறைக்குக் கொண்டுபோகிறேன். பஸ் ஜமுனாமரத்தூரில் நிற்கிறது. டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். ஏதாவது உடைந்ததா என்று பெட்டியைத் திறக்கிறேன்.

புளி மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா சார், பொம்மையா?"

"சீனாச் சண்டைங்க. பஞ்சு ஒட்டிப் பனி மாதிரி செய்யணும். பரிசு வாங்கணும்னு பசங்களுக்கு ஆசை."

ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"துப்பாக்கி சரியா கீது. பூட்ஸ்தான் தப்பு. எங்களுக்கு யாரு குடுத்தா பூட்ஸு? கேன்வாஸ் ஷூவோட பனியில ஏத்தி வுட்டாங்க."

"நீங்க போயிருந்தீங்களா?"

செருப்பைக் கழற்றி வலது காலைக் காட்டுகிறார். கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது.

"மிச்சம் பனியில போச்சு. ஊர்ல சொன்னா, இன்னா மாமா, எலி கடிச்சிச்சான்னு சிரிக்கிறானுங்க. நீயாவது சரியா செய் சார்."

பஸ் கிளம்பி இரண்டாவது நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போகிறார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மிச்சத்தை இரவு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பளபளவென்று கறுப்பு பூட்ஸ் வேண்டும் என்றுதான் எழுதியிருந்தீர்கள். பரிசு போனாலும் அப்பாவைக் கோபிக்காதீர்கள். அறைக்கு வந்ததும் பன்னிரண்டு பேருடைய பூட்ஸையும் பழுப்பு வண்ணத்தால் கேன்வாஸ் ஷூ ஆக்கினேன். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு காலாக வாயருகே பிடித்து, ஊதி ஊதிக் காயவைத்தேன்.