பெருமாள் பங்கு

முதலுக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை என் தகப்பனார் தமது அறுபதாம் வயதுக்கு மேல், காந்தி மார்க்கெட்டின் வெங்காய மண்டி ஒன்றில், வியாபாரிகளின் சிரிப்புக்கு நடுவே கற்றுக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது முப்பது வயது, பள்ளியொன்றில் தமிழாசிரியன். எந்தப் பாசுரத்துக்கும் பதம் பிரித்து உரை சொல்லக்கூடிய நாங்கள் இருவரும், பெட்டிக்கடைக்காரனுக்கும் தெரிந்த இரண்டு சொற்களுக்குப் பொருள் தெரியாமல் நின்றோம்.

தகப்பனார் ஸ்ரீரங்கம் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர். உத்தர வீதியில் வாடகை வீடு. திருவெள்ளறையில் எங்களுக்கிருந்த நஞ்சையை விற்றதில் நாலாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. சென்னையில் குடியேறிவிட்ட வீட்டுக்காரர், “மூன்று வருஷத்தில் விற்கப்போகிறேன், முதல் உரிமை உங்களுக்குத்தான்” என்று எழுதியிருந்தார். அந்தப் பணம் அந்த வீட்டுக்காக. மூன்று வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வேண்டியது அவ்வளவே.

சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவிக்க வரும் மண்டி முதலாளி ஒருவர், தகப்பனாரைக் கண்டால் பிராகாரம் என்றும் பாராமல் விழுந்து கும்பிடுவார். அவர்தான் கேட்டார்.

“எங்கிட்டக் குடுத்து வைங்க சாமி. நூத்துக்கு ஒம்பது வட்டி. மாசம் பொறந்தா வீடு தேடி வரும்.”

“வட்டியா? சரக்கு வித்தாலும் அழுகினாலும், நீர் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும், எனக்கு மட்டும் ஒம்பது வந்துடணுமாக்கும்? அதைத் தின்னுட்டு நான் கோஷ்டியில எப்படி வாய் திறக்கறது?”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “அப்போ பெருமாள் பங்குன்னு எழுதிப்போம் சாமி. லாபம் வந்தா லாபத்துல பங்கு. தட்டுல வச்சுக் கொண்டாந்து தர்றேன்.”

புதுக்கணக்குப் போடும் நாளில் பெருமாள் பேரில் ஒரு பங்கு எழுதிக்கொள்வது அந்த மார்க்கெட்டில் பல மண்டிகளில் இருந்த வழக்கம். பங்குக்கான பணத்தை முதலாளியே போட்டு, அதன் லாபத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார். இங்கே பணத்தைப் போட்டது தகப்பனார். ஆகவே பங்காளியென்று கையெழுத்திட்டதும் அவரே. பெருமாளோடு ஒரே வரியில் தம் பெயரும் வந்ததை வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

“வட்டின்னே வாங்கிண்டிருக்கலாம். பெருமாளுக்கு இது எதுக்கு?” என்றாள் என் தாயார்.

“நோக்குத் தெரியாது.”

இரண்டு வருஷம் தட்டு வந்தது. துளசி மாலை, வெற்றிலை, நடுவில் பணம். வட்டிக் கணக்கைவிட அதிகமாகவே இருந்தது. தகப்பனார் அதை என் தாயாரின் கண்ணெதிரே இருமுறை எண்ணிவிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் கிடைக்காமல் மண்டியின் வெங்காயம் மூட்டை மூட்டையாக அழுகிப்போனது. கடனுக்குச் சரக்கெடுத்தவர்கள் கையை விரித்தார்கள். மண்டிக் கதவு பாதி மூடியது. அதே வருஷம் கார்த்திகையில் வீட்டுக்காரர் எழுதினார்: தை முடிவதற்குள் நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தால் வீடு உங்களுடையது, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்.

பணத்தைக் கேட்டு வாங்கிவர நாங்கள் போன பிற்பகலில் மண்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் கூடியிருந்தார்கள். தகப்பனார் காலியாயிருந்த பெஞ்சு ஒன்றில் உட்காரப் போனார்.

“அங்க உட்காராதீங்க சாமி,” என்றார் மண்டிக் கணக்கர். “அது கடன் குடுத்தவங்க பக்கம். நீங்க இந்தப் பக்கம் வாங்க, முதலாளிகிட்ட.”

“நானும் பணம் கொடுத்தவன்தானே?”

“குடுத்தீங்க. கடனாக் குடுக்கல சாமி. முதலாப் போட்டீங்க.”

பிற்பாடு நான் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றேன். கணக்கியல் புத்தகம் வாங்கி, பாசுரத்துக்கு உரை தேடுவதுபோல் தேடிக் கற்றேன். கடை ஒன்று நொடித்தால், இருக்கும் சொத்தை விற்று முதலில் கடன் கொடுத்தவனுக்குத் தருவார்கள். வட்டிக்கு விட்டவன் எவ்வளவு கல்நெஞ்சனாக இருந்தாலும் அவனுக்குத்தான் முதலிடம். அவனுக்குக் கொடுத்து மீந்தால்தான் பங்கு போட்டவனுக்கு. லாபத்தில் பங்கு கேட்டவன் நட்டத்திலும் பங்கு ஏற்றவன் என்பது கணக்கின் தர்மம். அந்தத் தர்மத்தைத்தான் என் தகப்பனார் வட்டி வேண்டாமென்றபோது தாமே அழகாகச் சொன்னார். பொருள் தெரியாமல் சொன்னார்.

கணக்கர் ஐந்தொகையை வாசித்தார். அதாவது, மண்டிக்கு உள்ளது ஒருபுறம், மண்டி கொடுக்கவேண்டியது மறுபுறம்.

“லாரி. வாங்கின விலையில தேய்மானம் போக, பாதி.”

“லாரி வாசல்ல முழுசா நிக்கறதே,” என்றார் தகப்பனார். “தேய்ஞ்ச பாதி யார் கைக்குப் போச்சு?”

பெஞ்சு முழுவதும் சிரித்தது. “பெருமாள் வாகனமும் தேயுதுல்ல சாமி? அது யார் கைக்குப் போவுது?” என்று ஒருவர் கேட்க, சிரிப்பு இன்னும் ஓங்கியது.

“வாராக்கடன்,” என்று கணக்கர் அடுத்த தொகையை வாசித்தார். “தள்ளியாச்சு.”

“வாராதுன்னு யார் சொன்னா? போய்க் கேட்டேளா?”

“கேட்டோம் சாமி. அவன் பொஞ்சாதிதான் சொன்னா. செத்து மூணு மாசமாச்சாம்.”

மண்டி முதலாளி தலையைத் தூக்கவில்லை. கடைசியில் வந்த தீர்ப்பு: கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு அறுபது காசு. பெருமாள் பங்குக்கு ஒன்றுமில்லை.

தகப்பனார் எழுந்தார். போகவிடவில்லை. கடன் கொடுத்தவர்களில் பெரிய கை, மொத்த வியாபாரி ஒருவர், பல் குத்திக்கொண்டே கேட்டார். “இருங்க. மிச்ச நாப்பது காசுக்கு வழி? பங்காளின்னா போட்ட முதலோட போயிடுமா கணக்கரே? வீட்டுல இருக்குறதும் சேர்த்திதானே?”

“சட்டப்படி சேர்த்திதான்.”

“பெருமாள் பேருல எழுதியிருக்கு. நகையைக் கழட்டிக் கேப்பமா?” என்றார் பெஞ்சிலிருந்த இன்னொருவர்.

“சாமியை விட்டுடுங்கய்யா,” என்றார் மண்டி முதலாளி.

“நீ பேசாத. உன்னை நம்பித்தான்யா இப்படி உட்கார்ந்திருக்கோம்.”

சாமி வீட்டில் என்ன தேறும் என்று போய்ப் பார்த்து வரும் பொறுப்பை அந்த மொத்த வியாபாரியே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மார்க்கெட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். தகப்பனார் கோயிலில் இருந்தார். என் தாயார் அவரை விருந்தாளிபோல் மனையில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்து சமையலறைவரை நடந்தார். பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்தார். பெருமாள் எழுந்தருளியிருந்த தட்டைக் காட்டி, “வெள்ளியா?” என்றார்.

“வெங்கலம். வெள்ளிக்கு நாங்க எங்கே போறது?”

அவர் மனம் இரங்கட்டும் என்று என் தாயார் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு எங்களுடையதல்ல, சென்னையில் இருப்பவர் விற்கப்போகிறார், விலை இவ்வளவு, தை கடைசிக்குள் கொடுக்காவிட்டால் தெருவில் நிற்போம். சொன்னதை நம்ப வேண்டுமே என்று, மாடத்திலிருந்த கடிதத்தையும் எடுத்துக் காட்டினாள். அவர் அதை நிதானமாக வாசித்தார். தூணை விரல் முட்டியால் தட்டினார்.

“கெணத்துல கோடைக்கும் தண்ணி இருக்குமாம்மா?”

“சித்திரை வைகாசியிலகூட வத்தாது,” என்றாள் என் தாயார், பெருமையோடு.

அன்றே மார்க்கெட்டில் அவர் சொல்லிவிட்டாராம்: “ஐயங்கார் வீட்டுல எடுக்குறதுக்கு ஒண்ணுமில்ல. விட்டுடுங்க.” விட்டுவிட்டார்கள். தகப்பனார் கண் கலங்கினார். அந்த வியாபாரியின் குடும்பம் தழைக்க வேண்டுமென்று ஏகாதசியன்று தனியாக ஒரு பதிகம் சேவித்தார்.

தையில் அந்த வியாபாரி பத்திரத்தோடு வந்தார். வீடு அவர் பேரில் கிரயமாகியிருந்தது. தகப்பனார் பத்திரத்தைக் கையில் வாங்கவில்லை. நான் வாங்கிப் படித்தேன்.

“கோச்சுக்காதீங்க சாமி,” என்றார் அவர், மிக மரியாதையாக. “உங்க பணமும் எம் பணமும் ஒரே மண்டியிலதான் கெடந்துச்சு. எனக்கு அறுபது காசு திரும்பி வந்துச்சு. அதுல வாங்கினதுதான் இது.”

“வாடகைக்கு இருந்துக்கலாமா?” என்றார் தகப்பனார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

“மகனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அதுகளுக்குத்தான். மாசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

என் தாயார் உள்ளிருந்து பேசினாள். வந்தவரிடமல்ல, கணவரிடம். “கைம்முதல் ஒண்ணும் இல்லேன்னு தினம் சன்னதியில நின்னு சொல்லிண்டிருந்தேளே. கேட்டுண்டுட்டார்.”

தனக்கென்று ஒரு சாதனமும் இல்லையென்று நிற்பவனே சரணம் புகத் தகுதியானவன் என்பது எங்கள் ஆசாரியர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த உரை. அந்த உரையை என் தகப்பனார் பலருக்குச் சொல்லியிருக்கிறார். வியாபாரி சிரித்து, “அம்மா நல்லாப் பேசுறாங்க” என்றார்.

மாசிக் கடைசியில் ஒரு சத்திரத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக்குப் போனோம். மாட்டுவண்டியில் சாமான் ஏறியபின் என் தாயார் முற்றத்துத் துளசி மாடத்தையும் எடுத்துவரச் சொன்னாள். சாவி வாங்க வந்திருந்த வியாபாரி குறுக்கே நின்றார்.

“அது தரையோட கட்டினதும்மா. வீட்டோட சேர்ந்தது.”

“விட்டுடு,” என்றார் தகப்பனார். “அசையாச் சொத்து. அவர் சொல்றது சரி.” சரியான சொல்லைச் சரியான இடத்தில் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“செடியையாவது எடுத்துக்கறேன்.”

“வேரோட புடுங்கினா பட்டுப்போயிடும்மா. இருக்கட்டும். எம் மருமக கும்பிடுவா.”

என் தாயார் புடவைத் தலைப்பை விரித்தாள். துளசியில் ஒரு நாளும் அர்ச்சனைக்கு வேண்டியதற்கு மேல் கிள்ளாதவள், அன்று கீழ்க்கிளையிலிருந்து தொடங்கி, கொழுந்து, கதிர், பழுத்த இலை என்று எதையும் விடாமல் உருவினாள். வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க அவருக்குச் சொல் அகப்படவில்லை. அவள் மாடத்தைவிட்டு இறங்கியபோது அதில் நின்றவை வெறும் குச்சிகள்.

தலைப்பை முடிந்துகொண்டு அவள் வண்டியில் ஏறினாள். தகப்பனார் வியாபாரியின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பிற்பகல் பாசுர சேவாகாலத்துக்கு நேரமாகிவிட்டதென்று கோயிலை நோக்கி நடந்தார்.