பூ வைத்த வண்டியில் பிச்சாவரம் வரை

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் இன்னும் பதினைந்து. இந்த ரோட்டை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்ணாடத்தில் கரும்பு லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு போனவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டேன். இன்று என் பேரில் லாரிகள் ஓடுகின்றன. காலேஜ் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இந்த ஜில்லாவில் எந்த வளைவில் வண்டி தூக்கிப்போடும் என்று கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் சொல்வேன்.

என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆனபோது, ஹனிமூனுக்கு வண்டி பார்த்ததும் வழி போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஒருவனை ஊட்டிக்கு, ஒருத்தியைக் கொடைக்கானலுக்கு, கடைசிப் பையனைக் கேரளாவுக்கு அனுப்பினேன். ஒரு வண்டி வழியில் நின்றதில்லை.

நாலாவதாக ஒரு ஹனிமூனுக்கு வண்டி பார்க்க வேண்டி வந்தது. அது எனக்கும் என் வீட்டுக்காரி தனலட்சுமிக்கும்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வியாதி எலும்புக்குள் இறங்கிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மாத்திரை, வீட்டில் வைத்துப் பாருங்கள், ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். உடம்பு மட்டும் குலுங்கக் கூடாது என்றும் சொன்னார். வெளியே வந்து அவளிடம், "எங்கனா போவணும்னு ஆசை இருந்தா சொல்லு" என்றேன். அந்த ஒரு பேச்சிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"புள்ளைங்கள எல்லாம் ஹனிமூன் அனுப்பி வச்சீங்க. நம்மளும் ஒருவாட்டி போவலாமா?" என்றாள். "பிச்சாவரத்துல படகு உடறாங்களாமே. பக்கத்துலயே இருக்குது, நான் பாத்ததே இல்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் ஸ்கார்பியோ இருக்கிறது. ஆனால் அதில் அவளால் ஏற முடியாது. டிசையர் மாதிரி வண்டி என்றால் குனிந்து உள்ளே அமிழ வேண்டும், எழுந்திருக்கும்போது இடுப்பு எலும்பு தாங்காது. நின்ற நிலையில் அப்படியே பின்னால் சாய்ந்து உட்காருகிற உயரம் வேண்டும். மஞ்சக்குப்பத்தில் தொடங்கி பழைய டவுன் வரை டிராவல்ஸ் டிராவல்ஸாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வண்டியிலும் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, வேகத்தடை மேல் ஓட்டச் சொன்னேன். என் வேட்டி எத்தனை முறை நனைந்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஒரு பழைய இன்னோவாவில் தண்ணீர் விளிம்பு வரை வந்து உள்ளேயே அடங்கியது. நாளுக்கு மூவாயிரத்து இருநூறு, டீசல் தனி.

வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த டிராவல்ஸ்காரர், "இன்னா பெரியவரே, கோழி முட்ட ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் மேசைக்குப் பின்னால் பெரிய எழுத்தில், நோயாளிகளுக்கு வண்டி இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும்.

"ஹனிமூன் ட்ரிப்பு" என்றேன். அது பொய் இல்லை. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வழிக்கும் அதே டம்ளர்தான். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று சுற்றிப் போகிற ரோட்டில் ஒருநாள் நானே வண்டி ஓட்டிப் பார்த்தேன். வடலூர் வருவதற்குள் டம்ளர் காலி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகிற நாலு வழிச் சாலையில் பாதித் தண்ணீர் மிஞ்சியது. அதையே முடிவு செய்தேன். முதல் நாள் சிதம்பரமும் பிச்சாவரமும், ராத்திரி சிதம்பரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு லாட்ஜ் ரூம். மறுநாள் தரங்கம்பாடி, அதற்கு மறுநாள் நாகூர் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம்.

காலை ஏழு மணி, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு. வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் நின்றது. உள்ளே தனலட்சுமிக்கு மகள் பட்டுப்புடவை சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பாட்டில், மாத்திரை, தலையணை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"எங்கள உட்டுட்டுப் போயிட்டியா எக்கா... ஒரு வாய்த் தண்ணி குடுக்கக் கூட இல்லாம பூட்டியே எக்கா..."

எதிர்வீட்டு சரோஜா தலையை விரித்துப்போட்டு எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்தார்கள். நான் வெளியே ஓடினேன். வண்டியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே பெரிய ரோஜா மாலை, இரண்டு பக்கமும் சாமந்திச் சரம், மேலே சம்பங்கி. புது ஜோடி என்று நினைத்து டிராவல்ஸ்காரர் தன் செலவில் ஜோடித்து அனுப்பியிருந்தார். தனலட்சுமியை ஆஸ்பத்திரியில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் பூ வைத்த வண்டி நின்றால், பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

டிரைவர் ஒன்றும் புரியாமல் இறங்கி நின்றார். நாற்பது வயது இருக்கும். பேர் அப்பாஸ், பரங்கிப்பேட்டைக்காரர்.

தனலட்சுமி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலையில் முடி கொட்டிப்போனதால் முந்தானையை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். சரோஜா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஏண்டி சரோஜா, பொடவ கட்ட கொஞ்சம் லேட்டாயிடுச்சி. அதுக்குள்ள ஒனக்கு அவுசரமா?"

"எக்கா, பூவ பாத்துட்டு நான்..."

"பரவால்லடி. நல்லாத்தான் அழுவுற. அன்னிக்கும் இதேமாரி அழு. இப்ப நாங்க ஹனிமூன் போறோம்."

சரோஜா அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பூவைப் பிய்த்து எறிந்துவிடலாமா என்று நான் மாலையில் கை வைத்தேன். தனலட்சுமி வேண்டாம் என்றாள்.

ஏழே முக்கால். ஊரைத் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற பக்கத்தில் எப்போதும் வருகிற அந்த வாடை வந்தது. கண்ணாடியை ஏற்றச் சொல்லி முன்னாலேயே அப்பாஸிடம் சொல்லியிருந்தேன். அதன் பிறகு ரோடு பட்டு மாதிரி போனது. இடது பக்கம் உப்பங்காற்று, இரண்டு பக்கமும் சவுக்கு. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பைக்கில் ஒருவர் பின்னாலேயே வந்து, உள்ளே பார்த்துவிட்டு, குழம்பிப்போய் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

"பாத்தியா, தண்ணி கூட சிந்தாது. ரோடு பாத்தது யாரு?" என்றேன்.

"அதான் கல்யாணம் ஆன நாளா சொல்றீங்களே" என்றாள்.

பெரியப்பட்டு தாண்டியதும் ரோட்டை மறித்துத் தகரம் வைத்திருந்தார்கள். ஏதோ பாலத்தை உடைத்துவிட்டார்களாம். பக்கத்தில் ஜல்லி கொட்டிய மண் பாதையில் திருப்பிவிட்டார்கள். போன வாரம் நான் வந்து பார்த்தபோது அது இல்லை. முதல் பள்ளத்தில் இறங்கியபோது தனலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது பள்ளத்தில் அவள் வாயில் இருந்து வந்த சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. அப்பாஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, அம்மாவுக்கு இன்னா?"

நான் சொன்னேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"ஹனிமூன்னு சொன்னீங்களே ஐயா. ஓனருக்குத் தெரிஞ்சா என் வேல பூடும். முன்ன ஒருவாட்டி ஒரு பெரியவர ஏத்திக்கினு வந்து, அவரு வண்டியிலயே மவுத்தாயிட்டாரு. அப்பொறம் அந்த வண்டிய ஒரு கல்யாணத்துக்குக் கூட யாரும் கேக்கல. வித்துட்டாங்க."

"வாடகைய ரெண்டு மடங்கா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க" என்று தனலட்சுமி என்னை அடக்கினாள். பிறகு அவரிடம், "தம்பி, ஒங்க வண்டியில நான் சாவ மாட்டேன். இது வாக்கு. பிச்சாவரம் வரைக்கும் இட்டுக்கினு போங்க" என்றாள்.

அப்பாஸ் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்தார். அந்த மண் பாதை முடியும்வரை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அதில் ஒன்று என் லாரியாகக் கூட இருந்திருக்கலாம்.

ஒன்பதே கால், சிதம்பரம். கீழ வீதியில் வண்டியை நிறுத்தினோம். உள்ளே இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்தாள். தூக்கு நாற்காலிக்கு ஏற்பாடு செய்யட்டுமா, சாமியைப் பார்க்கலாம் என்றேன். "நான் அவரக் கேக்க ஒன்னுமில்ல. கோபுரம் தெரியுதே, போதும்" என்றாள். ஓட்டலில் இருந்து இட்டிலியும் கொத்சும் வாங்கி வந்தேன். இந்த ஊர்க் கத்திரிக்காய் கொத்சு வேறு எங்கும் வராது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். முப்பது வருஷம் என் டிரைவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டவள், சரியாகத்தான் சொல்வாள். லாட்ஜில் கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாம் என்றேன். மாத்திரை வேலை செய்வது மத்தியானம் வரைதான், அதற்குள் போய்விடலாம் என்றாள். லாட்ஜ் சாவியை நான் வாங்கவே இல்லை.

கிள்ளைக் கடைத்தெருவில் மாடு மறித்து வண்டி நின்றது. மீன் கூடையோடு போன ஒரு பெண் பூவைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"பொண்ணு மாப்ள எங்க பெரீப்பா?"

"நான்தாம்மா பொண்ணு" என்றாள் தனலட்சுமி.

"ஐயய்ய, மாப்ள கொஞ்சம் முத்தலா இருக்காரே. பாத்து எடுத்திருக்கக் கூடாதா?"

"அன்னிக்கு இவுரு மட்டுந்தான் கெடச்சாரு."

அந்தப் பெண் சிரித்தாள். அப்போது காற்றில் முக்காடு விலகியது. சிரிப்பு நின்றுவிட்டது. அவளே கையை உள்ளே விட்டு முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு ரோட்டில் நின்று மாட்டைக் கண்டபடி திட்டி விரட்டி எங்களுக்கு வழி விட்டாள்.

பத்தரை மணிக்குப் பிச்சாவரம். படகுத்துறைக்கு எதிரே அப்பாஸ் வண்டியைத் தண்ணீர் தெரிகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். படகில் ஏறப் படிக்கட்டில் இறங்க வேண்டும். அதையும் நான் வந்து பார்த்திருந்தேன். தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு. நூறு கிலோ மூட்டையை முதுகில் வைத்து லாரியில் ஏறினவன் நான். அவள் இப்போது ஒரு சின்ன அரிசிச் சிப்பம் கூட இருக்க மாட்டாள். ஆனால் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்ததுமே அவள் உடம்பு முழுக்க விறைத்தது. கையை எடுத்துவிட்டேன். கனம் இல்லாததால் மட்டும் ஒன்றைத் தூக்கிவிட முடியாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

காரில் இருந்தபடியே பார்த்தோம். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். ஒருத்தி பயந்து கத்தினாள், புருஷன் போட்டோ எடுத்தான். படகுகள் ஒவ்வொன்றாகப் போய் மரக்கூட்டத்துக்குள் மறைந்தன.

"உள்ள இன்னா இருக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"ஊரு ரோடெல்லாம் தெரியும்பீங்களே. போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க."

முடியாது என்றேன். அவள் விடவில்லை. அப்பாஸும், "நான் இருக்கேன் ஐயா, போயிட்டு வாங்க" என்றார். போனேன். படகுக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"தனியாவா ஐயா?"

"ஆமாம்."

வாசகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். முதலில் அகலமான தண்ணீர், மேலே வெயில் சுடும். கொஞ்ச தூரத்தில் படகு ஒரு சந்துக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். மேலே கிளைகள் கூடிக்கொள்கின்றன, கீழே வேர்கள் தண்ணீருக்குள் விரலை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. வெயில் பட்டென்று அணைந்துவிடுகிறது. துடுப்புச் சத்தமும் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் தவிர வேறு ஒன்றும் கேட்காது. தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார் படகுக்காரர். குனிந்தேன். அந்தக் குனிவிலேயே கொஞ்சம் அழுதேன். அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி துடுப்புப் போட்டார்.

திரும்பி வந்து இதையெல்லாம் அவளிடம் சொன்னேன், அழுததைத் தவிர. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரொம்ப இருட்டா?"

"இருட்டுதான். ஆனா கொஞ்ச தூரந்தான்."

"அதத் தாண்டுனா?"

"பரந்த தண்ணி. காத்து நல்லா அடிக்குது."

"சரி" என்றாள். பிறகு, "வலிக்குதுங்க. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

தரங்கம்பாடியும் நாகூரும் நான் போட்ட வழியோடு நின்றுபோயின. திரும்பி வரும்போது அந்த மண் பாதையைத் தவிர்க்க அப்பாஸ், நான் கேட்காமலே, புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஊருக்குள் திரும்பிச் சுற்றி ஓட்டினார். எனக்குத் தெரியாத வழி அது. வீட்டு வாசலில் அவர் மாலையை அவிழ்க்கப் போனபோது, "இருக்கட்டும் தம்பி, பாதி வாடல" என்றாள் தனலட்சுமி.

இந்தக் கட்டுரையை இதோடு முடித்துவிடலாம். ஆனால் அந்த வண்டியில் நாங்கள் இன்னொரு முறையும் வந்தோம்.

மழை தொடங்கிய சமயத்தில் மூச்சு முட்டி மறுபடி பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். ஒரு விடிகாலையில், வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். பிச்சாவரம் போன அந்த வண்டியிலேயே போகலாம் என்று அவள் சைகை காட்டினாள். அப்பாஸுக்குப் போன் செய்தேன். நோயாளியை ஏற்றக் கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருகிறேன் என்றார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள்.

கட்டிலருகே வந்து நின்று பார்த்தார். "அம்மா வாக்கு தவறல ஐயா" என்றார்.

ஆம்புலன்ஸ் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை போகும் என்றேன். "நீங்க ஏத்துங்க" என்றார். கடலூர் எல்லைக்குள் வந்ததும் ஒரு பூக்கடை முன்னால் நிறுத்தி, தன் காசில் ஒரு ரோஜா மாலை வாங்கி, அவரே முன்னால் கட்டினார். அவளைப் பின் சீட்டில் என் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். வேகத்தடைகளில் அப்பாஸ் முன்பு போலவே மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார்.

எங்கள் தெருவுக்கு வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. எதிர்வீட்டு சரோஜா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பூ வைத்த வண்டியைப் பார்த்து நிமிர்ந்தாள். இந்த முறை அழவில்லை. மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, இந்தவாட்டி எந்த ஊருக்கு?"

நான் பின் கதவைத் திறந்தேன்.