குழாயடியில் கிடந்த சீட்டுகள்

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இவர்கள். பெரிய டீச்சர். மதியச் சாப்பாடு போடும் அம்மா. செங்கல் சூளைக்குப் போகும் ஒருவர், காலில் மண்ணோடு. இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒரு பெண், அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். அப்புறம் நான்.

பெஞ்சுகள் நிறையப் போட்டிருந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம். வேறு யாரும் வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் காலனி ரோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். கரும்பு டிராக்டர், பஸ், பைக் எல்லாம் பாகூருக்கு அதில்தான் போகும். போன வாரம் என் மகளின் பை ஒரு பைக்கில் மாட்டி, அவளை இழுத்துவிட்டது. முட்டியில் மூன்று தையல். நாலாவது படிக்கிறாள். தினமும் காலையில் பெற்றோர் இரண்டு பேர் கொடி பிடித்து நின்று பிள்ளைகளைத் தாண்டவிட வேண்டும் என்று பெரிய டீச்சர் சொன்னார். ஐந்து நாளைக்குப் பத்துப் பேர்.

நான் பிள்ளையார்குப்பத்தில் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறேன். எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இந்த ஒரு வாரம் மட்டும் அனுமதி கேட்டு வாங்கி, தாமதமாகப் போகிறேன். ரோட்டில் ஒற்றையாக நான்தான் நிற்கிறேன். அடுத்த வாரம் அது முடியாது. என் வார லீவு புதன்கிழமை, அன்றைக்கு மட்டும் நிற்கலாம். மற்ற நாளுக்கு ஆள் இல்லையென்றால் பிள்ளைகள் பழையபடி ஓடித்தான் தாண்ட வேண்டும். என் மகளுக்கு முட்டி மடங்கவில்லை. ஓட முடியாது.

"எல்லாப் புள்ளைங்ககிட்டயும் பேர் எழுதி சீட்டு குடுத்தனுப்பினேன்மா," என்றார் பெரிய டீச்சர்.

சூளைக்காரர் எழுந்தார். "செவ்வாக்கெழம நான் நிக்கறேன் டீச்சர். இப்ப போவட்டுமா?"

போனார். வாசற்படியில் நின்றவள் அதற்கு முன்பே போய்விட்டாள்.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. கையை விட்டு எடுத்தேன். சீட்டுகள். சின்னதாக மடித்துச் செருகியிருந்தார்கள். சிலது நனைந்து ஒட்டிக்கிடந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள், பேர் படிக்க வரும். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் மகள் பேர் எழுதியதும் இருந்தது. என்னிடம் பெரிய டீச்சர் ரோட்டிலேயே நேரில் சொல்லியிருந்தார், அதனால்தான் வந்தேன்.

வீட்டில் கேட்டேன். "ஏன்டி அங்க போட்ட?"

"நீ அடிப்ப."

போன வருஷம் ஒரு சீட்டு வந்தது, பெற்றோர் வரவும் என்று. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வோம். என்ன ஏது என்று கேட்காமல் கை நீட்டிவிட்டேன். மறுநாள் போனால் ஆண்டு விழா. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் மேடையில் ஆடினாள். அடித்ததைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லவில்லை. சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு சாயங்காலம் வீடு வீடாக நடந்தேன். கால் வீங்கிவிட்டது. எல்லா வீட்டிலும் முதலில் ஒன்றையே சொன்னேன். "புள்ள ஒண்ணும் பண்ணல. அடிக்காத. ரோட்டுக்கு ஆள் வேணும், அதுக்குத்தான் சீட்டு."

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னாக்கா, டீச்சர் வேலைல சேந்துட்டியா?"

"சேந்துட்டேன். ஒரு நாள் வா, கொடி புடிக்க."

"எலக்சன்ல கொடி புடிச்சா பிரியாணி குடுத்தான். நீ இன்னா குடுப்ப?"

"டீ."

"சக்கர தூக்கலா போடணும், சொல்லிட்டேன்."

இன்னொரு வீட்டில் ஒருவர் கட்டிலில் படுத்தபடியே பேசினார். "எங்க காலத்துல யாரு கொடி புடிச்சா? நாங்க பள்ளிக்கூடம் போவல?"

"எத்தினியாவது வரிக்கும் போன?"

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "ரெண்டாவதோட நின்னுடுச்சுக்கா. நான் வரேன், வியாழக்கெழம எழுதிக்க."

வர முடியாது என்றவர்கள்தான் நிறைய. வேலைக்கு வேன் ஏழு மணிக்கே வந்துவிடும் என்றார்கள். பொய் இல்லை.

கைப்பிள்ளைக்காரி வீடு கடைசி. கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டாள். "உள்ள வந்தா கையெழுத்து போடச் சொல்லுவாங்களாக்கா? எனக்கு வராது."

"அதான் அன்னிக்கு வெளியவே நின்னியா?"

தலையாட்டினாள்.

"கையெழுத்து இல்ல. உள்ளயே போவ வேணாம். ரோட்டுல நின்னா போதும்."

"நெசமாவா?"

"நெசம்."

மறுநாள் பெரிய டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். கூட்டத்தை பஸ் ஸ்டாப்பிலேயே வைக்கலாம், கையெழுத்து நோட்டு வேண்டாம் என்றேன். அவர் மேசையில் இருந்த நோட்டை மூடினார்.

"சீட்டும் வேணாம்மா. நீயே வாயால சொல்லிடு," என்றார்.

வெள்ளிக்கிழமை, எனக்குக் கொடுத்த வாரத்தின் கடைசி நாள். பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கம்பில் கட்டியிருந்தேன். பிளாஸ்கில் டீ. எட்டரைக்கு பஸ் ஸ்டாப் பக்கம் ரோட்டோரம் நின்றேன். மகள் கட்டுப் போட்ட காலோடு பக்கத்தில் நின்றாள்.

சூளைக்காரர் வந்தார். எதிர்வீட்டுக்காரி வந்து டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றாள். வியாழக்கிழமை எழுதிக்கொள்ளச் சொன்னவளும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கைப்பிள்ளைக்காரி தள்ளியே நின்றாள். பிறகு வந்து கொடியை வாங்கினாள். டிராக்டர் ஒன்றைப் போகவிட்டு, பிள்ளைகளைத் தாண்டவிட்டோம். என் மகள் நடந்தே தாண்டினாள்.

என் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் ஆட்களை எண்ணினேன். பத்துப் பேர் வேண்டும்.

என்னோடு சேர்த்து ஏழு.