ஹாஜியாரின் காருக்குக் கீழே

கார் வாங்கப் போகிறேன் என்று வாகனம் திருத்தும் எங்கள் கராச்சுக்கு வருகிறவரிடம் நான் முதலில் காரைப் பற்றிக் கேட்பதில்லை. ரோட்டைப் பற்றிக் கேட்பேன்.

எஸ்.எஸ்.சி. முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, சாய்ந்தமருதில் ஒரு கராச்சில் சேர்ந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் இறக்குமதி திறந்துவிடப்பட்டு கொழும்பில் ஜப்பான் கார்கள் குவிந்தன. அங்கே உள்ளவர்கள் புதியதை வாங்கிப் பழையதைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டதெல்லாம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் பிள்ளை உழைக்கும் வீடுகளிலும் நெல் நன்றாக விளைந்த வீடுகளிலும் கார் ஆசை வந்தது. பழைய காரைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வது மெல்ல மெல்ல என் முழுநேர வேலையாகிவிட்டது.

1. எந்த ரோட்டில் ஓடும்?

நிந்தவூரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். கொழும்பில் ஒரு பெரிய காரைப் பார்த்து வைத்திருந்தார்.

"மாஸ்டர், ஒரு நாளைக்கு எங்க போவீங்க?"

"ஸ்கூலுக்கு."

"எவ்வளவு தூரம்?"

"நடக்கிற தூரந்தான்."

"அப்ப கார் என்னத்துக்கு?"

"பொண்டாட்டிட உம்மாட ஊடு சம்மாந்துறையில. மாசத்துல ஒருக்காப் போகணும். பஸ்ஸுல ஏற மாட்டா."

"ஆரு? பொண்டாட்டியா, மாமியா?"

"ரெண்டு பேரும் ஏற மாட்டாங்க. ஒருத்தி ஏறினாலும் நான் கார் வாங்க மாட்டனே."

மாதம் ஒருமுறை ஓடும் கார் மற்ற நாளெல்லாம் நிற்கும். எங்கள் கரையில் ஓடுகிற காரை விட நிற்கிற கார்தான் சீக்கிரம் சாகும். உப்புக் காற்று தகட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய கார் என்றால் தின்பதற்குத் தகடும் அதிகம். சின்னக் காராக வாங்கி, கடலுக்குப் புறம் காட்டிய கொட்டிலில் நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டச் சொன்னேன். மாஸ்டருக்கு முகம் சுண்டிப் போனது. ஆனால் சொன்னதைக் கேட்டார்.

சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. அவருடைய காரில் முன்னுக்கு அவர் இருப்பார், பின்னுக்கு மூட்டை இருக்கும். அவருக்கு ஸ்பிரிங் முக்கியம். வயல் வரம்புப் பாதையில் போகிறவருக்குக் காரின் அடி நிலத்திலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். பொத்துவில் வரை போய்வருகிறவருக்கு எல்லாவற்றையும் விட நடுவழியில் நிற்காத கார் வேண்டும். எண்பதுகளின் நடுவில், போர் தொடங்கிவிட்டிருந்தபோது, அந்த ரோட்டில் ஆளில்லாத இடத்தில் கார் நின்றுவிட்டால் அது கராச் வேலையாக மட்டும் முடியாது. யார் வருவார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்று தெரியாது. கையிலுள்ள காசுக்கு எந்தக் கார் வரும் என்பதை இதற்கெல்லாம் பிறகுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

2. நான் நம்பாதவை

விற்பவர் வீட்டுக்குப் போனதும் நான் பொனட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால், நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று பொருள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிற புகையை எனக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை.

கியர் பொக்ஸுக்குள் மரத்தூள் போட்டால் இரைச்சல் அடங்கும். எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றினால் சில நாட்களுக்குப் புகை அடங்கும். மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது ஒரு பகல் வேலை. மீட்டர் குறைவாகவும் பிரேக் மிதிக்கும் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகவும் இருந்தால் நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

இவற்றில் மோசமானது தார். பழைய காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், துணியும் பசையும் வைத்து அடைத்து மேலே தார் அடித்துவிடுவார்கள். பார்த்தால் கறுகறுவென்று பாதுகாத்து வைத்த கார் போலிருக்கும். அதற்கு ஒரே வழி, கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பதுதான். குத்தினால் நல்ல தகடு டங்கென்று சொல்லும். கெட்டது சத்தமே போடாது.

3. சம்மந்திகளுக்குள் சோதனை இல்லை

என் மூத்த மகளுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பேசினோம். பெயர் நஸீர். நீர்ப்பாசனப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தகப்பன் இல்லை. தாயின் மூத்த சகோதரர் வளர்த்த பிள்ளை. அந்த மாமா மீன் மொத்த வியாபாரி, ஊரில் எல்லோருக்கும் ஹாஜியார்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மகளுக்கு வீடு கட்டி முடித்திருந்தேன். மருமகன் வாய்க்கால் வேலைகளைப் பார்க்க அலைய வேண்டுமே என்று ஒரு காரும் கொடுப்பதாகப் பேச்சு. அப்போதுதான் ஹாஜியார் சொன்னார், "வெளியில என்னத்துக்குத் தேடுறீங்க? என்ட கார் நிக்குது. விலையக் கொறச்சுத் தாறன். நம்மட கார் நம்மட புள்ளைக்கே போகட்டும்."

விலை குறைத்துத் தருகிறேன் என்றது எனக்கு முதல் சந்தேகம். தாழ்ந்த, நீளமான கார். வரம்புப் பாதையில் ஓடுகிற ஒருவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. அது இரண்டாவது.

ஒரு நாள் நான் கராச்சில் இருக்கும்போது ஹாஜியார் காரோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஏறுங்க மருமகள், உங்கட கார்தானே" என்று மகளையும் என் மனைவியையும் சின்னப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றி அக்கரைப்பற்று வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். "இஞ்ச கேளுங்க, பின்னுக்கு ஒரு சத்தம். கதவு சாத்தாத மாதிரி டக் டக்கெண்டு. ஹாஜியார் ரேடியோச் சத்தத்தக் கூட்டிட்டார்."

"எந்தப் பக்கம்?"

"நான் இரிந்த பக்கம். அத்தர் மணத்துல தலையும் இடிச்சிச்சு. ஒரு காருக்கு இவ்வளவு அத்தர் என்னத்துக்கு?"

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வாப்பா, கார்பெட் புதுசு. ஆனா காலுக்குக் கீழ ரோட்டுச் சூடு வாற மாதிரி இரிந்திச்சு."

சூடு வருகிறதென்றால் கார்பெட்டுக்குக் கீழே ஓட்டை.

மற்ற யாருடைய கார் என்றாலும் அடுத்த நாளே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்திருப்பேன். இது சம்மந்தியின் கார். எங்கள் ஊர்களில் சம்மந்தம் பேசியபின் ஒருவர் கொடுப்பதை மற்றவர் உரசிப் பார்ப்பதில்லை. கொடுக்கிற வளவு நிலத்தை அளப்பதில்லை. மாட்டின் பல்லைப் பார்ப்பதில்லை. பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். அந்த ஒரு சொல்லில் கலியாணம் நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும். பேச்சு முறிந்தால் பேர் கெடுவது பெண்ணுக்கு.

நாள் குறிப்பதற்காகப் பொத்துவிலில் ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். நான், மனைவி, அவளுடைய தங்கை. சாப்பாடு முடிந்து வெற்றிலை வைத்த நேரத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஹாஜியார், காரை ஒரு கிழமைக்கு நம்மட கராச்சுல விட்டீங்கண்டா ஒயில் மாத்தித் தாறன்."

ஹாஜியார் சிரித்தார். "ஒயில் மாத்தவா, இல்லாட்டிக் கீழ படுக்கவா?"

சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"ஊராக்கள்ட காருக்குச் சோதின பாருங்க மச்சான். வேணாமெண்டு சொல்லல்ல. நான் உங்கட புள்ளையச் சோதின பாத்தா எடுத்த?"

அதற்குமேல் ஒரு தகப்பனால் என்ன பேச முடியும்? வெற்றிலையை எடுத்து மடித்தேன். நாளும் குறித்தாகிவிட்டது.

பின்னேரம் புறப்படும்போது, அந்தக் காரிலேயே எங்களைக் கொண்டுபோய் விடுவதாக ஹாஜியார் சொன்னார். கார் பெண்கள் இருந்த பக்கம், பின்வளவு மரநிழலில் நின்றது. போய்ப் பார்த்தால் பின் டயரில் காற்றே இல்லை.

நஸீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரை உயர்த்தும் ஜக்கை எடுத்துவந்தான். காரின் ஓரத்தில், ஜக் வைக்க வேண்டிய சரியான இடத்தில்தான் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கைபிடியைச் சுற்றினான். ஜக் உயர்ந்தது. கார் உயரவில்லை. இன்னும் சுற்றினான். நறநறவென்று ஒரு சத்தம். ஜக்கின் தலை தகட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. துரு பொலபொலவென்று அவன் கால்மாட்டில் கொட்டியது.

நஸீர் ஜக்கை இறக்கி எடுத்தான். வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் படுத்து, அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பின்பக்கம் தடவிக்கொண்டு போனான். கை முழங்கை வரை உள்ளே போனது.

"ஸ்பிரிங் பூட்டின இடமும் இல்ல" என்றான். "தார்லதான் நிக்குது."

பின் அச்சைத் தாங்குகிற ஸ்பிரிங் பூட்டிய இடம் அது. ஓடும்போது அது விட்டால் பின் சக்கரங்கள் ஒரு பக்கம் இழுக்கும். கார் தன்பாட்டில் திரும்பும். மனைவி சத்தம் கேட்டதாகச் சொன்ன இடமும் அதுதான். அதற்கு நேர் மேலே அவளோடு என் சின்னப் பிள்ளைகளும் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"உப்புக் காத்துதானே" என்றார் ஹாஜியார். "பொத்துவில்ல எந்தக் காருக்கு ஓட்ட இல்ல? ஒரு வெல்டிங் வெச்சாச் சரி."

நஸீர் எழும்பவில்லை. கீழே கிடந்தபடியே கேட்டான். "இந்தத் தார் எப்ப மாமா அடிச்ச?"

"கராச்சுக்காரன் அடிச்சான்."

"எப்ப?"

"என்னடா, எனக்கிட்டச் சாட்சி கேக்கிறியா? உன்ன வளத்தவன் நான்."

"வளத்த ஆளெண்டுதான் கேக்கிறன். இதுல அந்தப் புள்ளைகள அக்கரைப்பற்று மட்டுக்கும் ஏத்திப் போயிருக்கீங்க."

ஹாஜியார் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். திருக்கோவில் தாண்டியதும் மனைவியிடம் சொன்னேன். "அல்லாஹ்தான் அந்த டயரை இறக்கினான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளுடைய தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னகா?"

"ராத்தாதான் கொண்டை ஊசியால காத்த இறக்கினவ மச்சான்" என்றாள் தங்கை. "நான் ஆக்கள் வாறாங்களா எண்டு பாத்துக்கிட்டு நிண்ட. படச்சவனே, அந்த டயர் சாகவே மாட்டன் எண்டு நிண்டிச்சு."

"நீங்க கேட்டீங்க, சிரிச்சாங்க" என்றாள் மனைவி. "நான் கேட்டா பொம்புள கதைக்கிறாள் எண்டுவாங்க. டயர் இறங்கினா ஜக் வெக்கணும், அப்ப அடி தெரியும். ஆர் மேல கோவிக்கிற?"

4. மருமகன் கராச்சுக்கு வந்தது

பிறகு பொத்துவிலிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் வீட்டைக் கூட்டினாள், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். ஹாஜியார் தெரிந்துதான் கொடுக்கப் பார்த்தாரா, அவரையும் ஒரு கராச்சுக்காரன் ஏமாற்றினானா என்று நானும் மனைவியும் மாறி மாறிப் பேசினோம். எனக்கு இன்றும் அது தெரியாது. அந்தத் தார் கையில் ஒட்டுகிற அளவுக்குப் புதியது என்பது மட்டும் தெரியும்.

ஒரு காலையில் நஸீர் மோட்டார் சைக்கிளில் கராச்சுக்கு வந்தான். தலை முழுக்கப் புழுதி. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பெரிய மாமா கலியாணத்துக்கு வருவார்" என்றான். "கோவம் இரிக்கி. வருவார்."

"மெத்தச் சந்தோசம்."

"நீங்க அவர நம்பல்லத்தானே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "நம்பல்ல மகன்."

"என்னய நம்புறீங்களா?"

பழக்கத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன். "எந்த ரோட்டுல ஓடுவீங்க?"

அவன் யோசித்துச் சொன்னான். கிழமையில் பாதி நாள் வாய்க்கால் கட்டுப் பாதை. மழைக்குச் சேறு. மாதத்தில் சில தடவை உம்மாவைப் பார்க்கப் பொத்துவில். பிறகு, நான் கேட்காததையும் சொன்னான்.

"கொஞ்சம் வேகமா ஓட்டுவன் மாமா. தனியப் போகக்குள்ள. பழக்கமாப் போயிட்டுது. அதுக்குத் தக்க பிரேக் பாருங்க."

கார் வாங்க வந்த எத்தனையோ பேரிடம் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். எல்லோரும் மெதுவாகத்தான் ஓட்டுவார்களாம். பெண்ணைக் கொடுக்கப் போகிற தகப்பனிடம், நான் வேகமாக ஓட்டுகிறவன் என்று வந்து சொன்னவன் இவன் ஒருவன்தான்.

சம்மாந்துறையில் ஒரு டொக்டரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. தரையிலிருந்து உயர்ந்த அடி, தடித்த தகடு, பார்வைக்கு அழகில்லை. போனபோது பொனட் குளிர்ந்திருந்தது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நஸீருமாகக் கீழே படுத்துக் குத்திப் பார்த்தோம். பிரேக்கை நான் தனியாகக் கழற்றிப் பார்த்துவிட்டு அதையே வாங்கினேன். ஹாஜியார் கலியாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், என்னோடு கைகொடுத்தார். அந்த நீளக் காரை விற்றுவிட்டாரா, யாரிடம் விற்றார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பின்னாளில் விசாரித்தபோது, உடைத்து இரும்புக்குப் போட்டதாக நஸீர் சொன்னான். அதற்குப் பிறகும் பொத்துவில் ரோட்டில் அந்த நிறத்தில் ஒரு கார் வந்தால் நான் ஓரமாக நின்று அதன் பின் சக்கரத்தைப் பார்க்கிறேன்.

உறவுக்காரன் விற்கிற காரைச் சோதித்துப் பார்ப்பது மரியாதைக் கேடு என்று எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கார் வாங்கும் நேரத்தில் உங்கள் முன்னால் நிற்பவர் விற்கிறவர். அவர் முகம் கோணாமல் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அதில் ஏறப்போகிற பிள்ளைகள் அந்த நேரம் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு கீழே படுங்கள்.