அண்ணன் போட்ட வெள்ளிக் கவசம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டியவள் அவருடைய மகள்தான். ஆனால் அவள் இங்கே கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுதச் சொன்னால் வங்காள எழுத்துதான் கைக்கு வருகிறது. அதனால் அண்ணி என்னிடம், "நீங்களே எழுதிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதியதை நாலு பேரிடம் காட்டித் திருத்தி வாங்கிய பிறகும், எங்காவது தப்பு இருந்துவிடுமோ என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில். அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்து, மூச்சிரைப்பு வந்து வீட்டோடு இருந்துவிட்டார். மூத்த பிள்ளையாகிய அண்ணன் ஐ.டி.ஐ. முடித்த கையோடு ரயில்வே வேலைக்கு எழுதிப் போட்டார். கிடைத்த ஊர் எவ்வளவு தூரம் என்றுகூட விசாரிக்காமல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். வந்த புதிதில் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பிவிட்டு, முட்டையும் ரொட்டியுமாகக் காலம் தள்ளியிருக்கிறார். அதை அவர் சொன்னதில்லை. கூட இருந்த நண்பர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். அம்மா மந்திரித்துப் பார்த்தார், வாத்தியார் பிரம்பால் பார்த்தார், நிற்கவில்லை. விடுமுறைக்கு வந்த அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அவனை விடுங்கம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் பயங்களை எல்லாம் அவர்தான் கட்டி மேய்த்தார். கல்கத்தாவில் பெஹாலா பகுதியில் ஒரு தமிழர் டிபன் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தார். பிறகு அப்பளம், காப்பித்தூள் விற்க எனக்கென்று ஒரு கடை, கல்யாணம், பக்கத்துத் தெருவில் வீடு, எல்லாம் அவர் பார்த்துச் செய்ததுதான்.

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஏ.சி. பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை அண்ணனுக்கு. குளிர்காற்று போகும் தகரக் குழாய்களின் இணைப்பில் ஒட்டுவதற்கு ஒரு டேப் உண்டு. பார்வைக்கு வெள்ளிக் காகிதம் மாதிரி இருந்தாலும் அது மெல்லிய அலுமினியத் தகடு. பின்பக்கத் தாளை உரித்தால் பசை இருக்கும். ஒட்டிவிட்டு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால், அடியில் இருக்கும் பொருளின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். வீட்டில் அதற்கு வெள்ளி டேப் என்று பெயர். யார்டிலிருந்து அதில் ஒரு துண்டுகூட அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சாந்தினி மார்க்கெட்டில் சொந்தக் காசில் வாங்குவார். இதை எழுதாமல் விட்டால் யாராவது தப்பாக நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விரிசல் விட்ட வாளி, குக்கரின் கைப்பிடி, குடைக்கம்பு, சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒழுகும் குழாய், சூட்கேஸின் மூலை எல்லாம் மினுமினுவென்று இருக்கும். புதிது வாங்கலாம் என்றால், "இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தில் உள்ள வங்காளிகளும் 'தாதா', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுக்கொண்டு உடைந்த சாமான்களோடு வந்து நிற்பார்கள். முட்டி வலியோடு நடக்கும் அண்ணி, "என்னையும் ஒரு சுத்து சுத்தி வைங்க" என்று அவரைக் கேலி செய்வார். நானோ குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்விடுவேன். மின்சாரம் ஓடும் எதிலும் அந்த டேப்பை அவர் ஒட்டமாட்டார், அதை மட்டும் எனக்காகச் சத்தியமே செய்து கொடுத்திருந்தார்.

அந்தச் சந்தில் கொலு வைக்கும் வீடு அண்ணி வீடு ஒன்றுதான். அவருடைய அம்மா கல்யாணத்தில் சீராகக் கொடுத்த மண் அம்மன் பொம்மைதான் அதில் நடுநாயகம். அண்ணிக்குத் தாய்வீடு என்று மிச்சம் இருந்தது அந்தப் பொம்மைதான். கொலுப் பொம்மைகள் எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதன் ஒரு பக்கக் கைப்பிடி துருப்பிடித்துக் கழன்றபோது அண்ணன் அதையும் வெள்ளி டேப் போட்டு இறுக்கியிருந்தார். "அண்ணே, இது பிச்சுக்கும்" என்று சொன்னேன். நான் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வேன் என்பதால் யாரும் காதில் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆவணி கடைசியில், பெஹாலாவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணனும் நானும் பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைக்கப் போனோம். ஈரத்தில் ஊறியிருந்த டேப் அண்ணன் பிடித்த பக்கம் கையோடு வந்துவிட்டது. பெட்டி கட்டில் சட்டத்தில் இடித்துச் சாய்ந்தது. மற்ற பொம்மைகள் தப்பித்தன. அம்மனுக்கு மட்டும் வலது கை தோளோடு உடைந்துவிட்டது.

அண்ணி சத்தம் போடவில்லை. அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. இனிமே இந்த வீட்டுல அந்த டேப் வேணாம்."

உடைந்த தெய்வ உருவத்தை வைத்துக் கும்பிடக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது நம் வழக்கம். மகாளய அமாவாசையன்று கங்கையில் விட்டுவிடலாம், இனிமேல் கொலுவும் வேண்டாம் என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். இருவருக்கும் நடுவில் பேச்சு நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். இது எங்கே போய் முடியுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அண்ணி மகளோடு கடைக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணன் என் கடைக்குப் பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கையைப் பொருத்தி, தோளைச் சுற்றி டேப் ஒட்டி, ஸ்பூனால் தேய்த்தார். கை நின்றது. ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

"இருடா. நகை போட்டுருவோம்" என்றார்.

இன்னொரு தோளுக்கும் ஒட்டினார். மார்புக்கு ஒட்டினார், கிரீடத்துக்கு ஒட்டினார். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி அழுத்திக் காசுமாலையும் கையில் வங்கியும் வரைந்தார். முடிந்தபோது ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமை கவசம் சாத்திய அம்மன் மாதிரியே இருந்தது. எனக்குக் கும்பிடலாமா கூடாதா என்று பயமாகிவிட்டது. அதனால் கும்பிட்டுவிட்டேன்.

அண்ணி அதைப் பார்த்தார். அண்ணன் கெஞ்சியதில், மகளுக்காகக் கொலு வைக்க மட்டும் சம்மதித்தார். அமாவாசையன்று பொம்மையைக் கங்கைக்குக் கொண்டுபோகவும் இல்லை. ஆனால் படியில் ஏற்றமாட்டேன், உடைந்தது உடைந்ததுதான் என்று சொல்லி, ஃபிரிஜ் மேல் ஓரமாக வைத்துவிட்டார்.

நவராத்திரி முதல் நாள் மாடி வீட்டு பௌதி வந்தார். பௌதி என்றால் இங்கே அண்ணி என்று அர்த்தம். அந்தச் சந்துக்கே அவர் அண்ணி. படிகளில் அடுக்கியிருந்த எதையும் அவர் பார்க்கவில்லை. நேரே ஃபிரிஜ் முன்னால் போய்க் கைகூப்பி, "டாக்கேர் ஷாஜ்" என்றார். இங்கே துர்கைக்கு வெள்ளித் தகட்டில் செய்யும் அலங்காரத்துக்கு அந்தப் பெயர். இத்தனை அழகாக அலங்கரித்துவிட்டு அம்மாவை ஏன் மூலையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணிக்குப் பொய் வராது. கை உடைந்துவிட்டது, இது குழாயில் ஒட்டும் டேப் என்று தெரிந்த வங்காளத்தில் சொல்லிவிட்டார். பௌதி அசரவில்லை. போன வருஷம் தங்கள் துர்கா பூஜைப் பந்தலில் லாரியிலிருந்து இறக்கும்போது லட்சுமி சிலைக்கு விரல் போய்விட்டது, சிலை செய்தவரே வந்து பொருத்தி நகை போட்டுவிட்டுப் போனார், பூஜை நின்றுவிட்டதா என்று கேட்டார். பிறகு, "ஷாஜியே தியேச்சோ, ஆர் பாங்கா கோத்தாய்?" என்றார். அலங்காரம் செய்தாயிற்றே, இனி உடைசல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அண்ணி பொம்மையை ஃபிரிஜ் மேலிருந்து இரண்டு கையாலும் எடுத்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, வாசற்படியில் ஒளிந்த மாதிரி நின்ற அண்ணனிடம், அத்தனை நாளுக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பேசினார்: "ஏங்க, காசுமாலை கோணலா இருக்கு."

அண்ணன் உடனே ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம் அம்மனுக்குக் கடைசிப் படிதான் கிடைத்தது. அடுத்தடுத்த வருஷங்களில் மேலே ஏறியது. எப்போது பழைய இடத்துக்கு வந்தது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. மகாளயத்தன்று விடியலில் சந்து முழுக்க ரேடியோவில் துர்கை ஸ்தோத்திரம் கேட்கும். அண்ணன் தரையில் உட்கார்ந்து பழைய டேப்பை உரித்துப் புதுக் கவசம் சாத்துவார். பௌதி துர்கா பூஜைக் கடைவீதியிலிருந்து குட்டி வெள்ளிக் கிரீடம் வாங்கி வருவார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து நகையில் குறை சொல்வார்.

போன வருஷம் ஆடியில் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு என்னிடம், "நாளைக்கு வரப்ப டேப் கொண்டாடா. இந்த மேசைக் கால் ஆடுது" என்றார். கொண்டு போனேன். படுத்தபடியே எனக்குச் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். டேப்பில் சுருக்கம் விழுந்தது. "சுருக்கம் வந்தா பயப்படாத. தேய்" என்றார். அந்த மேசை ஆடவில்லை. அண்ணன்தான் போய்விட்டார்.

துக்கம் என்பதால் போன நவராத்திரிக்குக் கொலு இல்லை. இந்த வருஷம் மகள் வைக்க வேண்டும் என்கிறாள். பெட்டியைத் திறந்தோம். கவசம் மங்கி, தோளில் டேப் தூக்கிக்கொண்டு, கை லேசாக ஆடுகிறது. அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அதே டேப் உருளையை என் முன்னால் வைத்தார்.

"நானா? கிழிஞ்சுட்டா என்ன அண்ணி பண்றது?"

"கிழிஞ்சா அதுமேல இன்னொன்னு ஒட்டுங்க தம்பி. உங்க அண்ணன் என்ன, கிழிக்காமலா ஒட்டுனாரு?"

கடைசி நாட்களில் முறை வைத்து அண்ணனுக்குத் துணை இருந்த யார்டு நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு போட்ட மாடி வீட்டு பௌதிக்கும், சால்ட் லேக்கிலிருந்து வந்து சடங்குகளுக்கு ஏற்பாடு செய்த தமிழ் அன்பர்களுக்கும், அண்ணனை முகம் சுளிக்காமல் தூக்கி உட்காரவைத்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நவராத்திரிக்கு எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும். அம்மன் மேல் படியில் இருப்பாள். வலது தோளை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒட்டியது நான், நான்கு முறை தேய்த்துவிட்டேன், இருந்தாலும் பயமாக இருக்கிறது.