காருக்கு ஒன்றரை மூட்டை அரிசி

பிட்டர் குழந்தைவேலு அவர்கள் காலமான செய்தி, செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் ஆள்களை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தபோது வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர் சைக்கிளைவிட்டு இறங்காமலே, "பிட்டர் போயிட்டாருங்க" என்றார். வரிசையில் நின்ற ஒருவர், "எந்தக் கப்பல்ல?" என்று கேட்டார். கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. அவரை இந்தியாவுக்கு அனுப்பும் உத்தரவு வந்து இரண்டு மாதமாகிறது. எல்லோரும் கப்பலை எதிர்பார்த்துக் கொண்டிருந்தோம். குழந்தைவேலு அவர்கள் முந்திக்கொண்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலாய் நாட்டில், பகா ஊருக்கு அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் பிட்டராக இருந்தவர். ரப்பர் ஷீட்டை அழுத்தும் இயந்திரம் முதல் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால் வரை, தோட்டத்தில் ஆடியது எதுவோ அதை ஆடாமல் நிறுத்துவது அவர் வேலை. பதினொரு வயதில் தகப்பனாரோடு கப்பலேறி வந்தார். ஊரைப் பற்றிக் கேட்டால், "ஒரே வெயிலு" என்பார். அதற்குமேல் அவருக்கு நினைவில்லை. அவரைத் திருப்பி அனுப்ப அரசாங்கம் தேர்ந்தெடுத்த இடமும் அதுவே.

ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி என்ற முறையில் ஆணி, எண்ணெய், அரிசி ஆகிய மூன்றையும் நான்தான் வழங்கிவந்தேன். அதனால் அவரோடு தினமும் பேசும் பாக்கியம் எனக்கு இருந்தது. அதனால் அவருக்கு விளைந்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் துரையிடம் இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய ஒரு பந்தயக் கார் இருந்தது. பச்சை நிறம், திறந்த கூரை. இங்கிலாந்தின் தார்ச் சாலைகளுக்காகச் செய்யப்பட்ட அந்தக் காரை, அவர் தினமும் காலையில் செம்மண் பாதையில், வேர்களின் மேலும் வாய்க்கால்களின் மேலும் ஓட்டி டிவிஷன்களைப் பார்வையிட்டு வந்தார். காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் ஆயுதமெடுத்தார்கள், அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை வழியில் சுடப்பட்டார். எங்கள் துரை காரின் கதவுகளிலும் முதுகுப் பக்கத்திலும் இரும்புத் தகடு பொருத்தச் சொன்னார். பக்கத்து இருக்கையில் துப்பாக்கியோடு ஒரு காவலர் ஏறினார். கார் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் நிலைக்கு வந்தது. தன்னைத் தாங்கும் நிலையில் இல்லை. ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகி, ஒவ்வொரு வேரிலும் வயிறு தட்டியது.

துரை சிரம்பானிலிருந்து ஒரு விலைப்பட்டியல் வரவழைத்தார். காரைச் செய்த கம்பெனியல்லாத வேறொரு கம்பெனி, பந்தயத்துக்கென்றே செய்த கெட்டியான ஸ்பிரிங்குகள் அதில் இருந்தன. படத்தில் ஒரு கார் மண்ணைத் தொடாமல் பறந்தது.

"இது வேணும், பிட்டர். ரொம்ப கெட்டி" என்றார் துரை.

"வாங்கலாங்க, துரை. மூணே நாள்ல உங்க முதுகெலும்பு டிரஸர்கிட்ட போயிரும்" என்றார் குழந்தைவேலு.

துரை சிரித்தார். சிரிக்கும் துரைகள் ஆபத்தானவர்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பகாவிலிருந்த பழைய இரும்புக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, ராணுவ ஜீப்பின் ஸ்பிரிங்குகளைத் தருவதாகச் சொன்னார். குழந்தைவேலு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஜீப்புல சிப்பாய் ஏறுவான், குலுங்குனா சம்பளம் குடுக்குறாங்க. நம்ம துரைக்குக் குலுங்குனா நமக்குத்தான் திட்டு" என்று என்னிடம் விளக்கினார்.

பிறகு அவர் செய்ததை எந்த விலைப்பட்டியலிலும் நான் கண்டதில்லை. காவலரை இறங்கச் சொல்லி, ஒரு வாரம் அந்த இருக்கையில் தாமே அமர்ந்து துரையோடு போனார். எங்கே தட்டுகிறது என்று உணர, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். திரும்பி வந்ததும் ஸ்டோர் வாசலில் நின்று எனக்கு ஒப்பிப்பார்.

"மூணாவது டிவிஷன் வேர்ல பின்பக்கம் தட்டுது, கிராணி. வாய்க்கால்ல முன்பக்கம் குதிக்குது, குதிச்சா நிக்க மாட்டேங்குது. ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது."

"கெட்டியா ஒண்ணப் போட்டுட்டா முடிஞ்சுபோச்சேண்ணே?"

"ஒரு நாளு பந்தயம் விடுற காருன்னா போட்டுறலாம் லா. இது தெனம் போற காரு. மனுசன் தெனம் ஒக்காரணும்ல?"

முடிவில், இருந்த பட்டைகளையே கழற்றி, கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சி வளைத்து, பின்பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார். முன்பக்கத்துக் குதிப்பை அடக்க, ஷாக் அப்சார்பரில் எண்ணெயைக் கெட்டியானதாக மாற்றினார். கார் ஒரு சாண் உயர்ந்து நின்றது. துரை விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் முழு எடையேற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைவேலு தீர்மானித்தார்.

எடைக்கு என்ன செய்வது? மணல் மூட்டைகள் எல்லாம் காவல் கொட்டகைச் சுவருக்குப் போய்விட்டன. உர மூட்டை ஏற்றிவந்த லாரி வழியிலேயே எரிக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆள்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

"மனுசன் மேடு வந்தா தானா எந்திரிச்சுக்குவான், கிராணி. மூட்டை எந்திரிக்காது."

காவலரின் எடைக்கு ஒரு முழு மூட்டை. ஓட்டும் இருக்கையில் குழந்தைவேலுவே அமர்வார். ஆனால் அவர் ஒல்லியானவர். துரைக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் சரியாக அரை மூட்டை அரிசி. நான் ஸ்டோர் சீட்டில் "காருக்கு, ஒன்றரை மூட்டை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாள்களை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக்கூடாது. போனால் அது காட்டில் இருப்பவர்களுக்குப் போவதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டு போக முடியாது. வாசலில் பெண்களின் கொண்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். இவ்வளவும் எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் அன்று எங்களுக்கு அது தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு அது அரிசியாகவே படவில்லை. எடையாகத்தான் பட்டது. துரையின் காரைச் சோதிக்கும் வழக்கம் இல்லாததால் வாசலிலும் தடுக்கவில்லை.

மூன்றாவது டிவிஷன் திருப்பத்தில் ராணுவத்தினர் அவரை நிறுத்தினார்கள். காவலரின் இருக்கையில் கயிற்றால் கட்டப்பட்ட ஒரு மூட்டை அரிசி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

போலீஸ் நிலைய விசாரணையின்போது உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் பின்னொரு நாள் எனக்குச் சொன்னது இது:

"அரிசி யாருக்கு?"

"காருக்குங்க."

"கார் அரிசி தின்னுமா?"

"தின்னாதுங்க. சொமக்கும்."

இதைவிட உண்மையான வாக்குமூலம் அந்த நிலையத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதைவிடக் குறைவாக நம்பப்பட்டதும் இருந்திருக்காது.

துரை கடிதம் எழுதினார். குழந்தைவேலு நல்ல வேலைக்காரர் என்றும், அரிசி ஏற்றும்படி தாம் சொல்லவில்லை என்றும் எழுதினார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஸ்டோர் சீட்டின் நகல் என்னிடம் இருந்தது. மூன்று நாள் அதை எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கையெழுத்து அதில் இருந்தது. நான்காம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருந்தாயா?" என்று கேட்டார். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். முதல் நாளே கொடுத்திருந்தால் நம்பியிருப்பார்களா என்று குழந்தைவேலு அவர்களின் மனைவி பாக்கியம் அக்கா என்னை ஒருமுறை கேட்டார். தெரியாது என்றேன். இப்போதும் தெரியாது.

சாட்சியாகக் கைப்பற்றப்பட்ட அரிசியைப் போலீஸ் கிடங்கின் எலிகள் தின்றுவிட்டன. எலிகள்மேல் வழக்கு இல்லை. கார் மட்டும் திரும்பி வந்தது. துரை அதை ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கே வந்து, "பிட்டர் போட்ட ஸ்பிரிங் ரொம்ப நல்லா இருக்கு" என்று மனமாரப் பாராட்டினார். அதற்குப்பின் தினமும் காலையில் அந்தக் கார் எதிலும் தட்டாமல், எங்கும் குதிக்காமல் எங்களைக் கடந்து போயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து, நெஞ்சில் சளி கட்டி, இருமலோடும் நாடுகடத்தும் உத்தரவோடும் குழந்தைவேலு அவர்களைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். அது விடுதலை அல்ல. கப்பல் வரும்வரை வேலிக்குள் இருக்கலாம் என்ற அனுமதி. வந்த அன்றே போய்ப் பார்த்தேன். மூன்று நாள் பேசாமல் இருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு பேரு ஏறுனா பின்பக்கம் தட்டுதா, கிராணி?"

"தட்டலண்ணே."

"வாய்க்கால்ல?"

"குதிக்கல."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்ல வந்தது சொல்லப்படாமலே இருக்கிறது.

அதன்பின் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்த உத்தரவை மாற்ற வழியுண்டா? "அங்க போயி நான் யாரு வீட்டுக் கதவத் தட்டுவேன்?" என்பார். அவருக்காக ஐந்து மனு எழுதினேன். ஐந்தும் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. ஆறாவதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான் டிரஸர் சைக்கிளில் வந்தார்.

எங்கள் இடுகாடு வேலிக்கு வெளியே ஆற்றோரம் இருக்கிறது. வாய்க்கரிசி போடுவது அங்கேதான் வழக்கம். ஒரு கைப்பிடி அரிசி வெளியே கொண்டுபோக அனுமதி கேட்டோம். சட்டத்தில் இடமில்லை என்றார்கள். ஆகவே வாசலுக்கு உள்பக்கம், முள்கம்பி ஓரத்தில் பெட்டியை இறக்கி வைத்து, ஒவ்வொருவராக அவர் வாயில் அரிசி போட்டோம். பாக்கியம் அக்கா கடைசியாகப் போட்டு, கையை இருபக்கமும் விரித்துக் காவலருக்குக் காட்டினார். யாரும் காட்டச் சொல்லவில்லை. பழக்கம்.

வாசலில் நின்றவர் இளவயது மலாய்க்காரர். எங்களிடமே தமிழ் கற்றவர். கேட்டாக வேண்டிய கேள்வியைத் தலை குனிந்தபடி கேட்டார்.

"அக்கா, அரிசி ஏதும் இருக்கா?"

"இருக்கு, தம்பி. அவரு வாயில."

அந்த இளைஞர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தடுப்புக் கம்பை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் கடந்து முடிக்கும்வரை இறக்கவில்லை.

அண்ணே, உங்களை எங்கும் அனுப்ப இனி ஒருவராலும் முடியாது. இந்த மண்ணிலேயே இருங்கள்.